எல்லா வரிசையும் பச்சை

குளிர்காலத்துக்குள் ஜாவா மொழியில் எழுதிய எல்லா ப்ராஜெக்ட்டுகளும் கிளவுடில் தானாகவே பில்ட் ஆக வேண்டும் என்று டல்லாஸிலிருந்து உத்தரவு வந்தது. உத்தரவு என்று அவர்கள் சொல்லவில்லை. "நம் பயணத்தின் அடுத்த கட்டம்" என்று சொன்னார்கள். கோடையில் எங்கள் கம்பெனியை விலைக்கு வாங்கியதிலிருந்து அவர்கள் எங்களை எங்கேயோ பயணம் அழைத்துப் போய்க்கொண்டே இருந்தார்கள். நாங்கள் டுலூத்தில், ஏரியைப் பார்த்த அதே மாடியில், அதே ஆட்டம் கண்ட நாற்காலிகளில்தான் உட்கார்ந்திருந்தோம்.

நாங்கள் ஏழெட்டுப் பேர். சுப்பீரியர் ஏரியில் இரும்புத் தாது ஏற்றிப் போகும் கப்பல்களுக்கு மென்பொருள் எழுதுவது எங்கள் பிழைப்பு. அதுவரை பில்ட் என்பது கைவேலையாக இருந்தது. நிரலில் ஏதாவது மாறினால், அந்த ப்ராஜெக்ட்டைப் பார்த்துக்கொள்கிறவர் தன் கணினியில் உட்கார்ந்து, வேண்டிய துணை நிரல்களைச் சேர்த்து, தொகுத்து, சோதனைகளை ஓட்டி, கப்பலுக்கு அனுப்புகிற மாதிரி மூட்டை கட்டித் தருவார். இனிமேல் அப்படி இல்லை. யாராவது ஒரு மாற்றத்தைச் சேமித்தால் போதும். எங்கேயோ கிளவுடில் ஒரு வாடகைக் கணினி கண் விழித்து, இத்தனையையும் தானே செய்துவிட்டு, அந்த நிமிஷமே செத்துப்போகும். முடிவு சுவரில் மாட்டிய பெரிய திரையில் தெரியும். ஒரு ப்ராஜெக்ட்டுக்கு ஒரு வரிசை. சரியாக வந்தால் பச்சை, கோளாறு என்றால் சிவப்பு. டல்லாஸிலும் இதே திரை மாட்டியிருந்தது. குளிர்காலத்துக்குள் பச்சையாகாத வரிசைகள் நிறுத்தப்படும், அவற்றைச் சேர்ந்த பதவிகள் "மறுபார்வைக்கு" வரும் என்று அந்த உத்தரவின் கடைசிப் பத்தியில் இருந்தது. கெட்ட சேதியைக் கடைசிப் பத்தியில் வைப்பது என்பது அந்த ஆட்களின் நாகரிகம்.

இந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். நான் அதில் கெட்டிக்காரி என்பதால் இல்லை. அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டேன். மின்னசோட்டாவில் கூட்டத்தில் கேள்வி கேட்கிறவளுக்கு அதுதான் தண்டனை.

எங்கள் ப்ராஜெக்ட்டுகளுக்கெல்லாம் இந்தப் பக்கத்துப் பறவைகளின் பெயர்கள். ஹெரான், ஆஸ்ப்ரே, லூன் என்று. லூன் வெண்டல் நியெமியுடையது. எந்தத் துறைமுகத்தில் இன்றைக்கு எவ்வளவு ஆழம், அதற்குக் கப்பலில் எவ்வளவு தாது ஏற்றலாம் என்று சொல்வது லூனின் வேலை. கொஞ்சம் கூடினால் கப்பல் தரையில் உட்காரும். கொஞ்சம் குறைந்தால் முதலாளி கத்துவார். வெண்டல் அதை இளவயதில் எழுத ஆரம்பித்து, தலை நரைத்து, மறுபடி மறுபடி எழுதிக்கொண்டிருந்தார். அறுபத்தாறு வயது. ஓய்வு எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போக வேண்டிய மனிதர். ஏன் போகவில்லை என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. இந்த ஊரில் அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்பது, அவர் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்ப்பதற்குச் சமம்.

அவராகத்தான் சொன்னார். உத்தரவு வந்த வாரத்தில் ஒரு சாயந்திரம், வண்டி நிறுத்துமிடத்தில், கார் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு, கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கி.

"ரோண்டா, லூன் பச்சை ஆகலைன்னா என்னைய எப்போ அனுப்புவாங்க?"

"என்ன வெண்டல், இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள ஒப்பாரியா?"

"ஒப்பாரி இல்லம்மா. ஆர்லீனுக்கு அந்த ரத்தக் கோளாறு இருக்கே. தினம் ஒரு மாத்திரை. அது இருக்கிற வரைக்கும் நல்லாத்தான் இருக்கா, தோட்டம் போடறா, சண்டை போடறா. அந்த மாத்திரை என் ஆபீஸ் இன்சூரன்ஸ்ல வருது. எனக்கு அரசாங்கத்தோடது வந்திடுச்சு. அவளுக்கு அறுபத்தஞ்சு ஆனாத்தான் வரும். வர்ற ஜனவரி இல்ல, அதுக்கு அடுத்த ஜனவரி."

"அதுவரைக்கும் நீங்க இங்க இருக்கணும்."

"இருந்தா நல்லது," என்றார். ஏதோ மழை வந்தால் நல்லது என்கிற மாதிரி. "இதைவிட மோசமா இருக்கிறவங்களும் இருக்காங்க."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல், என் காரின் டயரை உதைத்தேன். கால்தான் வலித்தது.

மற்ற வரிசைகளைப் பச்சையாக்கவே இலையுதிர்காலம் முழுக்கப் போயிற்று. வாடகைக் கணினி ஒவ்வொரு தடவையும் அன்றைக்குப் பிறந்த குழந்தை. அதற்கு ஒன்றும் தெரியாது, ஒன்றும் ஞாபகம் இருக்காது. அதனால் எங்கள் கணினிகள் இத்தனை வருஷமாகச் சத்தமில்லாமல் ஒளித்து வைத்திருந்த ஒவ்வொரு தில்லுமுல்லும் வெளியே வந்தது. கர்ட் பார்த்துக்கொள்ளும் ஹெரான், அவன் கணினியின் முகப்பில் கிடந்த "கடைசி - நிஜமாவே கடைசி" என்ற கோப்பு இல்லாமல் ஓடாது. அந்தக் கோப்பு எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை. ஆஸ்ப்ரேயின் சோதனைகள் டுலூத் நேரத்தில் மட்டும் வெற்றி பெறும். வாடகைக் கணினி லண்டன் நேரத்தில் கண் விழித்தால், நேற்றைய கப்பல் நாளைக்குக் கிளம்பியதாகச் சொல்லும்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யார் வரிசை சிவப்பாகிறதோ அவர் மான் வேட்டைக்குப் போடும் ஆரஞ்சு நிறத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, பச்சையாகும்வரை கழற்றாமல் உட்கார வேண்டும். கர்ட் அதைப் போட்டபடியே மதியச் சாப்பாட்டுக்கும் போனான், பல் வைத்தியரிடமும் போனான்.

"தாயே, இதை எப்போ பச்சை பண்ணித் தருவே? என் பொண்டாட்டி என்னைய இந்தத் தொப்பியோடத்தான் புதைக்கப் போறேங்கறா."

"நீ எழுதின லட்சணத்துக்கு உன்னைய இப்பவே புதைக்கணும்."

"புதைக்கலாம். தரை உறைஞ்சு போச்சு, ஏப்ரல் வரைக்கும் பொறுக்கணும்."

வெண்டல் சிரித்தார். அவர் தலையில் மட்டும் யாரும் அந்தத் தொப்பியை வைக்கவில்லை. லூன் ஆரம்பம் முதலே சிவப்பாகத்தான் இருந்தது. அவருக்குத் தொப்பி வைக்க யாருக்கும் மனசு வரவில்லை என்பதே அவருக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்கும்.

லூனின் பிரச்சினை நிரலில் இல்லை. ஒவ்வொரு வசந்த காலத்திலும் அரசாங்கத்தில் துறைமுகங்களின் ஆழத்தை அளந்து ஒரு கோப்பு அனுப்புவார்கள். அந்த அளவுகளை ஜாவா நிரலாக மாற்றித் தருவதற்கு ஒரு கருவி இருந்தது. எப்போதோ ஓரிகனில் ஒரு கம்பெனியிடம் வாங்கியது; அந்தக் கம்பெனி போன இடத்தில் புல் முளைத்துவிட்டது. அந்தக் கருவி ஓட வேண்டும் என்றால், கட்டைவிரல் அளவில் ஒரு பிளாஸ்டிக் சாவி கணினியின் முதுகில் செருகியிருக்க வேண்டும். அந்தச் சாவி உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. வெண்டலின் மேஜைக்கு அடியில், தூசி படிந்த பழைய கணினியின் முதுகில்.

"கிளவுட்ல இதை எங்க செருகறது?" என்று வெண்டல் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே ஒரு பதில் இருக்கும் என்று நம்பிக்கை.

"செருகறதுக்கு அதுக்கு முதுகு இல்ல வெண்டல்."

"அப்போ இந்தக் கருவியத் தூக்கிட்டு நானே ஒண்ணு எழுதறேன். ஒரு வருஷம் ஆகும்."

டல்லாஸில் எங்களைப் பார்த்துக்கொள்கிறவன் பெயர் ப்ரைஸ். முப்பது வயதுக்குள் இருப்பான். வெள்ளைப் பல். மரியாதையான பையன்தான், அதை மறுக்க மாட்டேன். அவனைக் கெட்டவன் என்று சொல்ல முடிந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருக்கும். வீடியோவில் அவனிடம் ஒரு வருஷ அவகாசம் கேட்டேன்.

"ரோண்டா, உங்க கஷ்டம் புரியுது. ஆனா லூனை எத்தனை கப்பல் வெச்சிருக்கு?"

"கொஞ்சந்தான். ஆனா அந்தக் கப்பலுங்களுக்கு வேற வழி கிடையாது."

"அந்தக் கொஞ்சத்துக்கு ஒரு வருஷம் ஒதுக்க முடியாது. குளிர்காலத்துக்குள்ள பச்சையாச்சுன்னா வெச்சுக்கலாம். இல்லேன்னா..." என்று கையை விரித்தான். பின்னால் ஜன்னலில் டல்லாஸ் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஜன்னலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

வழி அவர்கள் அனுப்பிய கையேட்டிலேயே இருந்தது. வாடகைக் கணினியால் முடியாத வேலை ஏதாவது இருந்தால், சொந்தக் கணினி ஒன்றை கிளவுடுக்கு வேலையாளாகச் சேர்த்துவிடலாம். மேலிருந்து ஏவுவார்கள், கீழே நம் கணினி செய்யும், முடிவு மேலே போகும். ஊரில் எல்லோரும் செய்வதுதான். திருட்டு வேலை இல்லை. வெண்டலின் பழைய கணினியை வேலையாளாகச் சேர்த்தேன். அவர் லூனில் ஒரு புள்ளியை மாற்றிச் சேமித்தார். கிளவுட் ஏவியது. மேஜைக்கு அடியில் விசிறி உறுமியது. வெண்டல் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லோரும் எழுந்து வந்து திரைக்கு முன்னால் நின்றோம்.

பச்சை.

கர்ட் கூச்சல் போட்டான். வெண்டல் எழுந்து நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பரவாயில்லையே," என்றார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய மிகப் பெரிய வார்த்தை அது. பிறகு என் தோளை ஒரு தடவை தட்டினார். இருபது வருஷத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது. ஜலதோஷம் என்று சொல்லிவிட்டேன்.

நான் எதையும் மறைக்கவில்லை. வாரக் கூட்டத்தில் ப்ரைஸிடம் வாயால் சொன்னேன்: லூன் பில்ட் நடப்பது கிளவுடில் இல்லை, வெண்டலின் மேஜைக்கு அடியில், அந்தக் கணினி போனால் லூன் போகும், அவருக்கு ஒரு வருஷம் கொடுத்தால் சாவி இல்லாமல் எழுதிவிடுவார். ப்ரைஸ் தலையை ஆட்டினான். "பச்சைன்னா பச்சைதான், ரோண்டா. அருமையான வேலை." பில்ட் கோப்பின் தலைப்பிலும் பெரிய எழுத்தில் குறிப்பு எழுதி வைத்தேன்: இது டுலூத் அலுவலகத்தில் உள்ள கணினியை நம்பி இருக்கிறது, அணைக்காதீர்கள், அகற்றாதீர்கள், சந்தேகம் இருந்தால் வெண்டல் நியெமியைக் கேளுங்கள்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய ஒரு பைத்தியம் இது. நிரலுக்கு மேலே ஒரு குறிப்பு எழுதிவிட்டால் உலகத்துக்கே சொல்லியாயிற்று என்று நினைப்போம். கோப்பைத் திறந்தவனுக்குத்தான் குறிப்பு தெரியும். கோப்பைத் திறப்பது யார்? வரிசை சிவப்பானவன். பச்சை வரிசையின் கோப்பை ஒருத்தனும் திறக்க மாட்டான். நான்கூடத் திறந்ததில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் எல்லா வரிசையும் பச்சை. டல்லாஸிலிருந்து எங்களுக்கு ஒரு டப்பா பாப்கார்ன் அனுப்பினார்கள். ஜனவரியில், ஏரி உறைந்து கப்பல்கள் எல்லாம் கரை சேர்ந்த பிறகு, இரண்டு சேதிகள் அனுப்பினார்கள். ஒன்று, எல்லாமே கிளவுடில் நடப்பதால் டுலூத் மாடிக்கு இனி வாடகை கட்டத் தேவையில்லை, பிப்ரவரியோடு மூடுகிறோம், மிச்சம் இருப்பவர்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம். இரண்டாவது, மிச்சம் இல்லாதவர்களுக்கு.

வெண்டல் தன்னுடையதை நின்றபடியே படித்தார். என்னிடம் கொடுத்தார். லூனின் பில்ட் வேலை முழுவதும் தானியங்கி ஆகிவிட்டதால் அந்தப் பதவி இனி தேவைப்படவில்லை என்று எழுதியிருந்தது. அத்தனை வருஷச் சேவைக்கு நன்றியும் இருந்தது.

"சிவப்பா இருந்திருந்தாலும் போயிருப்பேன்," என்றார். "பச்சையானதாலயும் போறேன். நீ என்னம்மா பண்ணுவே."

"எனக்கு அப்படியே டல்லாஸுக்குப் போய் அந்தப் பயலோட பல்லை உடைக்கணும் போல இருக்கு."

"நல்ல பையன் அவன். என் பேரைக்கூடச் சரியாச் சொன்னான்."

"ஆர்லீன்?"

பதில் சொல்வதற்கு முன்னால் இழுப்பறைகளைக் காலி செய்ய ஆரம்பித்தார். வேலை போனாலும் அதே இன்சூரன்ஸைச் சொந்தச் செலவில் நீட்டித்துக்கொள்ள சட்டம் இடம் கொடுக்கிறது. அதற்கு மாதாமாதம் கேட்கிற தொகையைக் கேட்டால், சட்டம் எழுதியவன் கேலி செய்கிறானோ என்று தோன்றும். "கொஞ்ச நாளைக்கு ஓட்டலாம்," என்றார். "கையில கொஞ்சம் மாத்திரையும் இருக்கு." எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. இந்த ஊர்க்காரி இல்லையா நானும்.

கிளம்புவதற்கு முன்னால் அவர் ஒரு காரியம் செய்தார். பழைய கணினியின் முன்னால், "அணைக்க வேண்டாம் - லூன்" என்று ஒரு காகிதம் எழுதி நான்கு பக்கமும் ஒட்டு நாடா போட்டார். தன்னை வெளியே தள்ளியவர்களுக்காக மண்டியிட்டு உட்கார்ந்து ஓரங்களை விரலால் நீவிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"விடுங்க வெண்டல்! எடுத்துக்கிட்டுப் போகட்டும். உடையட்டும். அப்பத்தான் அவங்களுக்கு நீங்க யாருன்னு தெரியும்."

"கப்பல்காரங்க என்ன பண்ணுவாங்க?" என்றார்.

அந்தக் கணினியை என் வீட்டுக்கு மாற்ற அனுமதி வேண்டும் என்று நான் டல்லாஸுக்கு எழுதினேன். அதைப் புகாராகப் பெற்றுக்கொண்டதாகத் தானியங்கி பதில் வந்தது. நாலைந்து நாளில் இன்னொன்று: "வரிசை பச்சையாக உள்ளது. சிக்கல் எதுவும் இல்லை. புகார் முடித்துவைக்கப்பட்டது." பிப்ரவரிக் கடைசியில் பழைய சாமான் எடுக்கும் ஆட்கள் வந்து நாற்காலி, காபி மெஷின், கணினி எல்லாவற்றையும் ஒரே லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கணினிகளின் வட்டுகளை அரைத்துத் தூளாக்கிவிட்டதாக ஒரு சான்றிதழ் வந்தது. என் வீட்டுக் கணினியில் தெரிந்த அதே திரையில் எல்லா வரிசையும் பச்சையாகவே இருந்தது, லூன் உட்பட. யாராவது எதையாவது மாற்றினால்தானே பில்ட் நடக்கும். யாரும் எதையும் மாற்றவில்லை.

அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை இதுதான்: வசந்தத்தில் அது உடையும். உடையும்போது, இதைச் சரிசெய்ய இந்த நாட்டில் ஒரே ஆள்தான் இருக்கிறார் என்று நான் சொல்வேன். வேறு வழியில்லாமல் அவரைக் கூப்பிடுவார்கள். ஒரு வருஷ வேலை. ஆர்லீனின் ஜனவரி வரைக்கும் போதும். வீட்டு அடுக்களை மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டே, இதை மனசுக்குள் நூறு விதமாகப் பேசிப் பார்த்தேன். எந்த வேலையும் கெட்டுப்போக வேண்டும் என்று நான் இத்தனை ஆசையோடு காத்திருந்தது கிடையாது.

மார்ச் கடைசியில் பனிக்கட்டியை உடைக்கும் கப்பல் வந்து துறைமுக வாய்க்காலைத் திறந்தது. துறைமுக ஆழங்களின் புதிய கோப்பு வந்தது. அதை லூனில் போட்டுச் சேமித்தேன். கிளவுட் தன் வேலையாளைக் கூப்பிட்டது. "கணினிக்காகக் காத்திருக்கிறது" என்று திரையில் விழுந்தது. காலையிலிருந்து சாயந்திரம் வரை அதே வரி. இல்லாத ஒன்றை அது அத்தனை பொறுமையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் காலை பார்த்தேன். சிவப்பு.

நான் செய்த முட்டாள்தனம், முதலில் ப்ரைஸைக் கூப்பிடாமல் வெண்டலைக் கூப்பிட்டது.

"வெண்டல்! உடைஞ்சிடுச்சு!"

"லூனா?"

"லூன்தான். சிவப்பு, ரத்தச் சிவப்பு. மத்தியானம் ப்ரைஸ்கிட்டப் பேசறேன். அவங்களுக்கு உங்களை விட்டா வேற ஆளே இல்ல. இன்னிக்கே கூப்பிடுவாங்க, பாருங்க."

போனைக் கையால் பொத்தாமலே, "ஆர்லீன்," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டது கேட்டது. அந்தக் குரலில் அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "ஆர்லீன், லூன் உடைஞ்சிடுச்சாம்!"

மத்தியானம் ப்ரைஸ் வழக்கம்போல மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். கணினி, சாவி, ஓரிகன் கம்பெனி, லாரி எல்லாவற்றையும் சொன்னேன். குறிப்பு எழுதியிருந்ததைச் சொன்னேன். புகார் முடித்துவைக்கப்பட்டதைச் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது; உயரட்டும் என்று விட்டுவிட்டேன்.

"இதைத் திருப்பி எழுத வெண்டல் வேணும். ஒரு வருஷத்துக்கு."

"ரோண்டா, நீங்க சொல்றது நியாயம். ஒரு நிமிஷம்." ஏதோ தட்டினான். "கடைசியாப் போன பதிப்பு கப்பல்ல ஓடுதா?"

"ஓடுது. ஆனா அது போன வருஷத்து ஆழம்."

"அப்போ அந்தக் கப்பல் கம்பெனிங்களுக்கு ஒரு கடிதம் எழுதிடலாம். லூனுக்கு இனிமே புதுப்பிப்பு கிடையாது, வேற ஏற்பாடு பண்ணிக்கோங்கன்னு. ரெண்டு பேர் ஏற்கெனவே வேற இடத்துக்குப் போறதாச் சொல்லிட்டாங்க."

"வேற ஏற்பாடுன்னா? பென்சிலும் பேப்பருமா?"

"முன்னாடி அப்படித்தானே பண்ணியிருப்பாங்க?" என்றான். குத்தலாக இல்லை, உண்மையாகவே கேட்டான். "நீங்க இவ்வளவு அக்கறையா இருக்கிறது எனக்குப் பிடிச்சிருக்கு, ரோண்டா. உண்மையாச் சொல்றேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் திரையில் லூனின் வரிசை சாம்பல் நிறமானது. "ஓய்வு பெற்றது" என்று பக்கத்தில் எழுதியிருந்தது. அடுத்த நிமிஷம் அந்த வரிசையும் மறைந்தது. மேலும் கீழும் இருந்த பச்சைகள் நகர்ந்து சேர்ந்துகொண்டன. அங்கே ஒன்று இருந்ததற்கான இடைவெளிகூட இல்லை. ஓர் ஆளின் வாழ்நாள் வேலையை எடுத்துவிட்டுப் பார்த்தால் திரை முன்னைவிட அழகாக இருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. காரை எடுத்துக்கொண்டு மேற்கு டுலூத்துக்குப் போனேன். அவர்கள் வீட்டு வாசலில் பனியைத் தள்ளிச் சுத்தமாக வழி செய்திருந்தார்கள். வெண்டல் கதவைத் திறந்தார். இஸ்திரி போட்ட நீலச் சட்டை, ஆபீஸுக்குப் போடுவது. அடுக்களை மேஜையில் மடிக்கணினி திறந்து, நோட்டும் பேனாவும் தயாராக இருந்தன.

"வா வா. நீயே நேர்ல வருவேன்னு எதிர்பாக்கல."

ஆர்லீன் அடுப்புப் பக்கத்தில் நின்றிருந்தாள். கார்டிகன் தோளில் தொங்கியது. இலையுதிர்காலத்தில் பார்த்தபோது இப்படி இளைத்திருக்கவில்லை.

"காபி குடிக்கிறியா, ரோண்டா?"

இங்கே இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாவது தடவை கேட்டால்தான் சரி என்பது வழக்கம். நான் முதல் தடவையிலேயே சரி என்றேன். வெண்டல் என் முகத்தைப் பார்த்தார். பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. மடிக்கணினியை மெதுவாக மூடினார்.

ஆர்லீன் முதுகைக் காட்டிக்கொண்டு காபி ஊற்றியதால் எதையும் பார்க்கவில்லை. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள்.

"காலையில நீ போன் பண்ணினதும் இவர் ஆடின ஆட்டத்தைப் பாக்கணுமே. சட்டையத் தேடி அலமாரியையே கவுத்துட்டார். நானும் ஒரு திருட்டுத்தனம் பண்ணினேன். மாத்திரை தீந்துடக் கூடாதேன்னு ஜனவரியிலேர்ந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கிட்டிருக்கேன். இவருக்குத் தெரியாது. இப்போ தெரிஞ்சா என்ன, எல்லாம்தான் சரியாகப் போகுதே. இன்னிக்கு என் முறை இல்ல. இருந்தாலும் உன் போன் வந்ததும் எடுத்துப் போட்டுக்கிட்டேன்."

கோப்பையோடு திரும்பினாள். வெண்டல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஓ," என்றாள் ஆர்லீன்.

காபியை என் முன்னால் வைத்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"நான் முதல்லயே... நான் அவங்ககிட்ட முதல்ல கேட்டிருக்கணும்," என்றேன். "ஆர்லீன், நான்..."

"பரவாயில்ல கண்ணு." நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, மேஜைமேல் கைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டாள். "இன்னிக்கு ஒண்ணு போட்டாச்சு. அப்போ நாளைக்கும் கிடையாது, நாளன்னிக்கும் கிடையாது. அவ்வளவுதானே. காபி ஆறிடும், குடி."

நான் குடித்தேன்.